பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

"படம் எப்படி?" என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுகிற காலம் இது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சியின் இடைவேளையிலேயே ஒருவர் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே" என்று ஊருக்கு அறிவித்துவிடுகிறார். படம் முடிந்து வெளியே வருபவர்களின் வாயருகே மைக்கை நீட்டுகிறார்கள். "செகண்ட் ஹாஃப் இழுவை", "ஒரு தடவை பார்க்கலாம்", "தலைவர் தெறி" என்று ஆளுக்கொரு வார்த்தை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் படத்தின் ஜாதகம் எழுதப்பட்டுவிடுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் உலை கொதிக்கும்போதே கரண்டியை விட்டால் கையில் வருவது அரிசிதானே?

இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. மற்றொன்று பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. மும்பைப் புறநகரில் இருக்கிற நமக்குத் தமிழ்ப் படம் என்றால் நிலைமை தெரிந்ததுதான். பெரிய நடிகரின் படமாக இருந்தால் நாலு காட்சி; இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று. அதற்கும் ஆள் சேரவில்லையென்றால் அடுத்த வாரம் அந்த ஒன்றும் போய்விடும். அதனால் நம் சங்க நண்பர்கள் முப்பது பேர் சேர்ந்து மொத்தமாக டிக்கெட் எடுப்பது வழக்கம். அந்த ஞாயிறு எந்தப் படம் என்று முடிவு செய்யும் பொறுப்பை, வயதில் மூத்தவன் என்ற மரியாதைக்காக என்னிடம் விட்டிருந்தார்கள்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முப்பது வருஷமாக இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மையார் எங்கள் குழுவில் உண்டு. "அண்ணே, கொட்டுக்காளி எங்க ஊர்ப் பக்கம் எடுத்த படம்னு சொல்றாங்க. அதுக்கே போவமே" என்று கேட்டார். நான் அன்று மாலை தாணேயில் லோக்கல் ரயில் ஏறி டோம்பிவிலியில் இறங்குவதற்குள் கைபேசியில் ஒரு விமர்சனம் பார்த்தேன். "பாட்டு இல்லை, பின்னணி இசையே இல்லை, ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது, முடிவும் இல்லை" என்றார் அந்தத் தம்பி. அதை அப்படியே அந்த அம்மையாரிடம் ஒப்பித்தேன். "முடிவே இல்லாத படமாம்மா, காசு தண்டம்." முப்பது பேரும் 'வாழை'க்குப் போனோம். நல்ல படம். அழுதுகொண்டே வெளியே வந்தோம். அடுத்த வாரம் 'கொட்டுக்காளி' எங்கள் பக்கத்துத் தியேட்டரில் இல்லை.

ஒரு மாதம் கழித்து அதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். வேறொரு பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையும் இரண்டு வீட்டாரும் சேவல் சகிதம் அவளை ஒரு சாமியாரிடம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கதை அவ்வளவுதான். சூரி அந்த மாப்பிள்ளை. அன்னா பென் அந்தப் பெண்; படம் முழுக்க அநேகமாக வாயே திறப்பதில்லை. வழியில் ஒரு காளை மாடு பாதையை மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். பின்னணி இசை இல்லாததால்தான் ஆட்டோவின் சத்தமும், சேவலின் சத்தமும், அந்தப் பெண்ணின் மௌனமும் காதில் விழுகின்றன. அந்தத் தம்பி குறையென்று சொன்னது எல்லாமே அந்தப் படத்தின் கருவிகள். முடிவும் இருக்கிறது. அதை நம் கையில் கொடுத்துவிட்டு இயக்குநர் விலகிக்கொள்கிறார்.

அந்த அம்மையாரும் பிறகு மகனின் கைபேசியில் பார்த்திருக்கிறார். கடைக்குப் போனபோது சொன்னார்: "எங்க சின்னத்தைய இப்படித்தாண்ணே கூட்டிக்கிட்டுப் போனாக. அதுவும் பேசவே இல்ல. பேசாம இருந்ததுதான் அது பேசின பேச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது." அதற்குப் பிறகு சட்னி ஊற்றினார். நான் ஒன்றும் பேசவில்லை. எட்டு நிமிஷ விமர்சனத்தில் நான் கேட்டதையும் இந்த மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய திரையில், ஊர்க்காரர்கள் நடுவில் அமர்ந்து அவர் பார்த்திருக்க வேண்டிய படத்தை, பார்க்காத நான் தடுத்துவிட்டேன். இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

முன்பு விமர்சனமே இல்லையா? இருந்தது. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனின் 'ஆடல் பாடல்' பகுதியில் எழுதிய காலத்திலிருந்து நமக்கு அந்த மரபு உண்டு. நான் மும்பைக்கு வந்த புதிதில், மாட்டுங்காவில் ரயிலடிப் பத்திரிகைக் கடையில் விகடனும் குமுதமும் வாங்கித்தான் படத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பத்திரிகை ஊரிலிருந்து வர இரண்டொரு நாள் பிந்தும். படம் வர அதைவிடப் பிந்தும். விகடனில் மதிப்பெண் போடுவார்கள். பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியாரைவிடக் கஞ்சத்தனம். பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கே 62.5 தான். நாற்பது வாங்கினால் சுமார், ஐம்பதைத் தாண்டினால் நிச்சயம் பார்க்கலாம் என்று நாங்களே ஒரு கணக்கு வைத்திருந்தோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு குழு உட்கார்ந்து பேசியிருக்கிறது என்கிற நம்பிக்கை இருந்தது. பிடிக்காவிட்டால் சண்டை போட ஒரு முகவரியும் இருந்தது.

தவிர, அன்று படத்துக்கு அவகாசம் இருந்தது. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கு முதல் சில வாரங்கள் கூட்டமில்லை. பிறகு பத்திரிகைகள் எழுத, பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்ல, படம் நிமிர்ந்து நின்றது. விஞ்ச் ஆபரேட்டர் காளியும் என்ஜினீயர் குமரனும் மோதிக்கொள்ளும் அந்தக் கதையில், கடைசிவரை இரண்டு பேரில் யாரையும் வில்லன் ஆக்கவில்லை என்பதை ஜனங்கள் மெல்ல மெல்லத்தான் ரசித்தார்கள். இன்றைக்கு அந்தப் படம் வந்திருந்தால், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே "ரஜினியை வேஸ்ட் பண்ணிட்டாங்க" என்று கதையை முடித்திருப்பார்கள். முதல் வாரம் காலியாகக் கிடக்கும் படத்தை நாலாவது வாரம்வரை விட்டுவைக்கிற தியேட்டர் இன்று எங்கே இருக்கிறது?

அவசரம் ஒரு குறையென்றால், எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது அதைவிடப் பெரிய குறை. 2024 தீபாவளியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 31 அன்று 'அமரன்', 'பிரதர்', 'பிளடி பெக்கர்' மூன்றும் வந்தன. கூடவே தெலுங்கில் எடுத்துத் தமிழிலும் பேசவைத்த 'லக்கி பாஸ்கர்'. காஷ்மீரத்தில் 2014ல் உயிர் நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை ஒன்று. அக்காள் தம்பி பாசத்தை வைத்த குடும்பச் சிரிப்பு ஒன்று. ஒரு பிச்சைக்காரன் மாளிகைக்குள் மாட்டிக்கொள்ளும் கறுப்பு நகைச்சுவை ஒன்று. பம்பாய் வங்கியொன்றில் பற்றாக்குறைச் சம்பளக்காரர் பங்குச்சந்தை ஊழலுக்குள் கால் வைப்பது ஒன்று. அந்த வாரம் நான் கேட்ட விவாதங்களில் பாதிக்கு மேல், நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, நாலு படத்தையும் 1, 2, 3, 4 என்று வரிசைப்படுத்துவதிலேயே நேரத்தைக் கழித்தார்கள். தீபாவளிக்கு வந்த மைசூர்பாகையும் முறுக்கையும் லேகியத்தையும் வரிசைப்படுத்த முடியுமா? லேகியம் இனிக்கவில்லை என்று மதிப்பெண் குறைப்பதா?

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். ரயில்வேயில் வண்டிகளைப் பரிசோதிப்பது என் வேலையாக இருந்தது. பயணிகள் பெட்டிக்கு ஒரு பட்டியல், சரக்கு வேகனுக்கு வேறு பட்டியல். சக்கரம், பிரேக், ஸ்பிரிங் இரண்டுக்கும் பொது. ஆனால் கூட்ஸ் வேகனில் ஜன்னல் இல்லை என்று எவனும் குறை எழுத மாட்டான். 'கொட்டுக்காளி'யில் பாட்டு இல்லை என்பது கூட்ஸ் வேகனில் ஜன்னல் தேடுகிற காரியம். இந்த வண்டி எதற்காகக் கட்டப்பட்டது, அந்தக் காரியத்தைச் செய்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அப்படிக் கேட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி தானாக மாறும். 'அமரன்' பார்த்தவர், அந்த வீரரின் மனைவி இந்துவின் கண் வழியாகக் கதையைச் சொன்னது எவ்வளவு உதவியது, காஷ்மீரத்து ஜனங்களை அந்தப் படம் எப்படிக் காட்டியது என்று பேசலாம். இரண்டாவது கேள்வியைச் சிலர் கேட்டபோது அவர்களைத் தேச விரோதிகள் என்றுகூட ஏசினார்கள். கேட்டதில் தவறென்ன என்று எனக்குப் புரியவில்லை. சாய் பல்லவியின் நடிப்பில் கண் கலங்கியவனும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். 'பிளடி பெக்கர்' பார்த்தவர், முதலில் நம்மைச் சிரிக்க வைத்த குரூரம் கடைசிவரை தாக்குப் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். 'பிரதர்' படத்துக்கு ஒரே கேள்விதான்: சிரிப்பு வந்ததா? 'லக்கி பாஸ்கர்' விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. வங்கிப் பணத்தைத் திருப்பிவிட்டவன் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துப் போகிறான், நாம் கைதட்டுகிறோம். 1992ல் பங்குச்சந்தை ஊழல் வெடித்தபோது இந்த ஊரில் இருந்தவர்கள் நாம். பங்குகளில் போட்ட சேமிப்பு கரைந்துபோனவர்கள் நம் கட்டிடங்களிலேயே இருந்தார்கள். படத்தை நானும் ரசித்தேன். ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் கொஞ்சம் உறுத்தியது. அந்த உறுத்தலை மும்பைத் தமிழன் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

இங்கேதான் நம் சங்கப் பத்திரிகை போன்றவற்றுக்கு வேலை இருக்கிறது. 1987 தீபாவளிக்கு 'நாயக'னும் 'மனித'னும் ஒரே நாளில் வந்தன. 'நாயகன்' மூன்று தேசிய விருதுகள் பெற்றது: கமல்ஹாசனின் நடிப்புக்கு, பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவுக்கு, தோட்டா தரணியின் கலை இயக்கத்துக்கு. தாராவியைச் சென்னையில் அரங்கமாகக் கட்டிய அந்தத் திறமையை எல்லோரும் பாராட்டினார்கள். அங்கிருந்து எழுதியவர்கள் 'காட்ஃபாதர்' படத்தோடு ஒப்பிட்டார்கள். அதுவும் நியாயமே. ஆனால் தாராவியில் தோல் பதனிட்டும், இட்லி சுமந்தும், பிள்ளைகளைப் படிக்க வைத்தும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கேட்டது வேறு கேள்வி. "பம்பாய்த் தமிழன் என்றால் இனி இதுதானா?" என்றார் என்னோடு வேலை பார்த்த தாராவிக்காரர் ஒருவர். அவர் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவர். பிடித்தும் இருந்தது, வலித்தும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்ன அவருடைய பேச்சுதான் நான் கேட்ட மிக நல்ல 'நாயகன்' விமர்சனம். எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. நாமும் எழுதி வைக்கவில்லை.

மறுபக்கத்து வழக்கையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானபின் தயாரிப்பாளர்கள் பொறுமை இழந்தார்கள். தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் காரர்களை விடக் கூடாது என்றார்கள். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்றும் சொன்னது. கேரளத்திலும் இதே சச்சரவு உயர் நீதிமன்றம்வரை போய், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று யோசனை சொன்னார்.

நான் என்ன நினைக்கிறேன் என்றால், தடை கூடாது. குடும்பத்தோடு படம் பார்க்க டிக்கெட், தின்பண்டம், ஆட்டோ என்று ஆயிரத்தைத் தாண்டிச் செலவு செய்கிறவனுக்கு, படம் நன்றாக இல்லை என்று பக்கத்து வீட்டானிடம் சொல்ல உரிமை இல்லையா? ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல வேண்டும் என்பார்களா? தவிர, "உலகத் தரம்", "ஆயிரம் கோடி" என்று படம் வருவதற்கு முன்னால் அவர்களே ஊதிய பலூனை விமர்சகன் மட்டுமா உடைத்தான்?

அதே 'கங்குவா'வில் ஒரு நல்ல பாடமும் உண்டு. சத்தம் காதைப் பிளக்கிறது என்று பலரும் ஒரே குரலில் சொன்னார்கள். உடனே தயாரிப்பாளர், ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். கவனியுங்கள், "படம் குப்பை" என்றவர்களால் ஒரு பயனும் இல்லை. "சத்தம் அதிகம்" என்றவர்களால் அடுத்த காட்சிக்கு வந்தவன் காது பிழைத்தது. எங்கள் பரிசோதனைப் புத்தகத்தில் "வண்டி சரியில்லை" என்று எழுதினால் மேலதிகாரி புத்தகத்தை முகத்தில் வீசுவார். எந்தப் பெட்டி, எந்தச் சக்கரம், எந்த ஸ்பிரிங் என்று எழுத வேண்டும். குறை சொல்வதில் தவறே இல்லை. குறைக்கு முகவரி வேண்டும்.

எதிர்மாறான கதையும் உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று வந்த 'மெய்யழகன்' நீளமாக இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. இரண்டு ஆண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து பேசுவதுதான் அந்தப் படத்தின் ருசி. ஊர்ப் பேச்சு நீளம்தான். அதைக் கத்தரித்தால் அது ஊர்ப் பேச்சா? அவசரத்தில் சொன்ன ஒரு சொல், எடுத்தவர் கையாலேயே எடுத்ததை வெட்ட வைத்தது. ஆக, நம் வாய்ச்சொல்லுக்கு வலிமை இருக்கிறது. அதனால்தான் அளந்து பேச வேண்டும் என்கிறேன்.

நம் செயலாளர் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "ஸார், விமர்சனம் எழுதவே ஆள் இல்லை, நீங்கள் விதி வேறு போடுகிறீர்கள்" என்று சிரித்தார். விதி என்று வேண்டாம், வேண்டுகோள் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பத்திரிகையில் திரைப்படப் பக்கம் ஒன்று தொடங்கினால், எழுதுகிறவர் படத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். பாதியில் எழுந்து வந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். இது எந்த வகைப் படம், யாருக்காக எடுத்தது என்று முதல் பத்தியிலேயே தெரிவிக்க வேண்டும். குறையோ நிறையோ ஒரு காட்சியையாவது சுட்டிக் காட்ட வேண்டும். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம். எண்ணைப் பார்த்தால் எழுத்தை யாரும் படிப்பதில்லை. கீழே சொந்தப் பெயர் போட வேண்டும். இங்கே வாழ்கிற தமிழருக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். அதை வேறு யாரும் நமக்காக எழுதப் போவதில்லை. எழுத்துப் பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ் சினிமாவைப் பற்றி முக்கியமான ஆய்வு நூல்களை எழுதிய தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக வேலை பார்த்தவர்தான்.

முதல் கட்டுரையை யாரிடம் கேட்பது என்று யோசித்தோம். நான் அந்த இட்லிக் கடை அம்மையாரின் பெயரைச் சொன்னேன். "எனக்கு எழுத வராதுண்ணே" என்றார். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன், பெயர் உங்களுடையதுதான் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை எந்தப் படத்துக்குப் போவது என்று முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நீங்க பாக்காத படத்தப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது."

சம்மதித்துவிட்டேன்.